விளம்பரத்துக்கு காசு போடாம முதல் கஸ்டமர் எங்க இருந்து வருவாங்க?

ஆன்லைன் கடை லைவ் ஆன அன்னிக்கு எல்லாரும் செய்யிறது ஒண்ணுதான், ஸ்டேட்டஸ்ல லிங்க் போடுறது, இருக்கிற குரூப்ல எல்லாம் ஃபார்வர்ட் பண்றது, அப்புறம் எத்தனை பேர் வந்தாங்கன்னு காட்டுற அனலிடிக்ஸ திறந்து வெச்சுக்கிட்டு ரீஃப்ரெஷ் பண்ணிக்கிட்டே உக்காந்திருக்கிறது. மொத நாள் கொஞ்சம் பேர் எட்டிப் பாப்பாங்க, பாதிப்பேர் சொந்தக்காரங்க, "சூப்பர்"னு ஒரு கமெண்ட் போட்டுட்டு போயிடுவாங்க. ரெண்டு மூணு நாள்ல அந்த கிராஃப் தரையோட தரையா படுத்துடும். உடனே "ஆட் போடாம இங்க ஒண்ணும் நடக்காது போல"ன்னு முடிவு கட்டிடுறாங்க.

அது அவசர முடிவுன்னுதான் நான் சொல்லுவேன். ஆட் என்ன செய்யும், ஆள கடை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வரும், அவ்வளவுதான். புதுக் கடையோட உண்மையான சிக்கல் வாசல தாண்டித்தான் இருக்கு. வந்தவரு "யாரு இவங்க, காச வாங்கிட்டு பொருள அனுப்புவாங்களா, சரியில்லன்னா திருப்பி எடுத்துப்பாங்களா"ன்னு யோசிக்கிறாரே, அதுக்கு அந்த பேஜ்ல பதிலே இருக்காது. ரிவ்யூ கிடையாது, கேள்விப்பட்ட பேரு கிடையாது, தெரிஞ்சவங்க யாரும் வாங்கினதும் கிடையாது. இந்த நிலைமையில ஆயிரம் பேர காசு குடுத்து கூட்டிட்டு வந்தா ஆயிரம் பேரும் பாத்துட்டு திரும்பிப் போவாங்க, பில் மட்டும் நமக்கு வரும்.

பெரிய ஆளுங்களுக்கே இது நடந்திருக்கு. ஆன்லைன்ல ஃபைல் சேமிச்சு வெக்கிற ட்ராப்பாக்ஸ் ஆரம்பத்துல கூகுள்ல ஆட் போட்டுப் பாத்தாங்க. காசு கட்டுற ஒரு கஸ்டமர புடிக்க 233 டாலர்ல இருந்து 388 டாலர் வரைக்கும் ஆச்சாம், அவங்க வித்த சர்வீஸோட விலையே 99 டாலர்தான். இத அதோட நிறுவனர் ட்ரூ ஹூஸ்டனே பின்னாடி வெளிப்படையா சொல்லியிருக்காரு. அந்த கம்பெனி எப்படி தப்பிச்சுதுன்னு கீழ வர்றேன்.

அதனால "ட்ராஃபிக் எப்படி கொண்டுவர்றது"ங்கிறத கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு, "நம்மள நம்புறதுக்கு யாருக்கு ஏற்கனவே ஏதாவது ஒரு காரணம் இருக்கு"ன்னு கேட்டுப் பாக்கணும். காசு இல்லாம கஸ்டமர் வர்ற வழிகள் எல்லாமே சுத்தி வளைச்சு இந்தக் கேள்விக்கான பதில்தான். முன்பின் தெரியாத ரெண்டு பேர் ஆன்லைன்ல காசும் பொருளும் மாத்திக்கணும்னா நடுவுல ஏதாவது ஒரு பிடிமானம் வேணும். ஆன்லைன் ஏலத் தளமான ஈபே 1995 செப்டம்பர்ல ஆரம்பிச்சுது, அப்ப அதுக்கு பேரு ஆக்‌ஷன்வெப், ஆறு மாசம் கூட ஆகல, 1996 பிப்ரவரியிலேயே வாங்கினவங்களும் வித்தவங்களும் ஒருத்தர பத்தி ஒருத்தர் எழுதுற ஃபீட்பேக் வசதிய கொண்டு வந்துட்டாங்க. காரணம் ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல, அந்த பிடிமானம் இல்லாம ஏலம் நடத்தவே முடியாது.

சும்மா பொதுவா பேசினா பிடிபடாது, ஒரு கற்பனைக் கடைய வெச்சுக்குவோம். இடது கை பழக்கம் இருக்கிறவங்களுக்கான பொருள் மட்டும் விக்கிற கடை, கத்தரிக்கோல், ஸ்கேல், நோட்டு, பேனா இந்த மாதிரி. உலகத்துல பத்துல ஒருத்தர் இடது கைக்காரர்னு சொல்லுவாங்க, அப்ப கூட்டம் சின்னதும் இல்ல, ஆனா எங்கயும் ஒரே இடத்துல கூடி நிக்கிற கூட்டமும் இல்ல.

முதல்ல தெரிஞ்சவங்க. இதுலதான் நிறைய பேர் சொதப்புறாங்க, ஏன்னா தெரிஞ்சவங்ககிட்ட போய் "வாங்குங்க"ன்னு கேக்குறாங்க. மச்சானுக்கு இடது கை கத்தரிக்கோல் எதுக்கு, அவரு வலது கைக்காரர். பாசத்துக்காக ஒண்ணு வாங்கிட்டு அலமாரியில போட்டுடுவாரு, அந்த ஆர்டர்ல இருந்து நாம கத்துக்கிறதுக்கு ஒண்ணுமே இருக்காது. கேக்க வேண்டியது "உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இடது கையில எழுதுறாங்களா"ன்னு. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973ல ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாரு, இன்னிக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டுற கட்டுரை அது. வேலை கிடைச்சவங்கள்ல தெரிஞ்சவங்க மூலமா கிடைச்சவங்கள எடுத்துப் பாத்தா, அந்தத் தகவல் பெரும்பாலும் நெருங்கின நண்பர்கிட்ட இருந்து வரல, எப்பவாவது பாக்குற அரைகுறை பழக்கக்காரங்ககிட்ட இருந்துதான் வந்திருக்கு. ஏன்னா நெருங்கினவங்களுக்கு தெரிஞ்சதெல்லாம் நமக்கும் தெரிஞ்சதுதான், பழைய ஆபீஸ்ல கூட வேலை பாத்தவங்க, காலேஜ்ல வேற டிபார்ட்மெண்ட்ல இருந்தவங்க, இவங்கதான் நமக்கு தெரியாத இன்னொரு வட்டத்துக்கு கதவு. கஸ்டமர் தேடுறதுக்கும் இது அப்படியே பொருந்தும்.

மெசேஜ் எப்படி எழுதுறீங்கங்கிறதுலயும் விஷயம் இருக்கு. "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், என் புது கடைய சப்போர்ட் பண்ணுங்க"ன்னு இருநூறு பேருக்கு ஒரே மெசேஜ் போனா அத யாரும் தனக்கு வந்ததா எடுத்துக்க மாட்டாங்க. அதே விஷயம் இப்படிப் போனா வேற: "அக்கா, எப்படி இருக்கீங்க? உங்க தங்கச்சி பையன் இடது கையில எழுதுறான்னு முன்ன ஒரு தடவ சொன்னீங்கல்ல, அவனுக்கு இப்ப கத்தரிக்கோல் எல்லாம் எப்படி சமாளிக்கிறாங்க? நான் இந்த மாதிரி பொருள்தான் இப்ப விக்கிறேன். வாங்கச் சொல்லல, அவங்கம்மாகிட்ட ஒரு அஞ்சு நிமிஷம் பேச முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க." இதுல லிங்க்கே இல்ல பாருங்க. ஒரு நாளைக்கு பத்து மெசேஜ்தான் இப்படி எழுத முடியும், பரவாயில்ல, பத்துக்கு பத்தும் பதில் வரலன்னாலும் வர்ற பதில்ல இருந்து அவங்க என்ன வார்த்தை சொல்றாங்க, எதப் பத்தி குறை படுறாங்க, எங்க தேடிப் பாத்துட்டு விட்டுட்டாங்கன்னு எல்லாம் தெரிஞ்சுடும். அந்த வார்த்தைங்கள அப்படியே எழுதி வெச்சுக்கணும், பின்னாடி ரொம்ப உதவும்.

அடுத்தது, அந்தப் பிரச்சனைய பத்தி ஏற்கனவே பேசிக்கிட்டு இருக்கிற இடங்கள். என்னக் கேட்டா காசில்லாத வழிகள்லயே இதுதான் பெரிய சுரங்கம், அதே சமயம் மக்கள் அதிகமா கெடுத்துக்கிறதும் இதத்தான். ஃபேஸ்புக் குரூப், ரெடிட், டெலிகிராம், டிஸ்கார்ட், வாட்ஸ்அப் கம்யூனிட்டி, எதுவா வேணா இருக்கட்டும். கைவினைப் பொருள் விக்கிற தளமான எட்ஸிய 2005ல ஆரம்பிச்சவங்க அதுக்கு முன்னாடி கைவினைக்காரங்க கூடுற ஒரு ஃபோரத்துக்கு வெப்சைட் வேலை செஞ்சு குடுத்திருந்தாங்க, தாங்க செஞ்ச பொருள விக்க நல்ல இடமே இல்லன்னு அந்த மக்கள் புலம்பினத நேரா கேட்டுட்டுத்தான் எட்ஸியவே கட்டினாங்க. அதனால மொத நாளே யாரோட கதவ தட்டணும்னு அவங்களுக்கு தெரிஞ்சிருந்துச்சு.

நம்ம கற்பனைக் கடைக்கு வருவோம். பெற்றோர்கள் இருக்கிற ஒரு குரூப்ல ஒரு அம்மா எழுதியிருக்காங்க, "என் பொண்ணு இடது கை, கத்தரிக்கோல்ல பேப்பர் வெட்டச் சொன்னா பேப்பர் மடங்கி மடங்கிப் போகுது, கை வலிக்குதுன்னு அழறா." இங்க "எங்க கடையில கிடைக்கும்"னு லிங்க் போட்டா அட்மின் தூக்கிடுவாரு, தூக்கணும்தான். நல்ல பதில் என்னன்னா: சாதாரண கத்தரிக்கோல வலது கையில புடிச்சு அழுத்தும்போது கட்டை விரலும் மத்த விரலும் குடுக்கிற தள்ளு ரெண்டு பிளேடையும் ஒண்ணோட ஒண்ணு நெருக்கும், அதே கத்தரிக்கோல இடது கையில புடிச்சா அதே தள்ளு பிளேட விலக்கிவிடும், பேப்பர் வெட்டுப்படாம நடுவுல மடங்கி நுழைஞ்சுக்கும். அதோட மேல் பிளேடு வெட்டுற கோட்டையே மறைச்சுடும், குழந்தை எட்டிப் பாத்து பாத்து மணிக்கட்ட வளைக்கும், வலி அதனாலதான். "ரெண்டு கைக்கும்"னு எழுதி விக்கிறதுல பலதுல கைப்பிடி மட்டும்தான் மாறியிருக்கும், பிளேடு பழைய மாதிரியே இருக்கும், அதனால வாங்குறதுக்கு முன்னாடி வெட்டுற வாக்குல புடிச்சு, மேல வர்ற பிளேடு இடது பக்கம் இருக்கான்னு பாருங்க.

அவ்வளவுதான் பதில். கடை பேரு எங்கயும் வரல. ஆனா அத படிச்ச அந்த அம்மா, "இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே, எங்க வாங்கலாம்னு சொல்லுங்க"ன்னு அடுத்த வரியில கேக்க வாய்ப்பு இருக்கு, கேட்டா சொல்லலாம், நம்ம கடைன்னு வெளிப்படையா சொல்லிட்டே சொல்லலாம். கேக்கலன்னாலும் புரொஃபைல்ல கடை பேரு இருக்கு. அந்த பதில் அங்கயே கிடக்கும், ஆறு மாசம் கழிச்சு இன்னொருத்தர் தேடிக்கிட்டு வந்து படிப்பாரு. வேற பேருல அக்கவுண்ட் தொடங்கி "நான் இந்தக் கடையில வாங்கினேன், செமயா இருக்கு"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிறவங்களும் இருக்காங்க, குரூப்ல இருக்கிறவங்க அத ரெண்டு நிமிஷத்துல கண்டுபுடிச்சுடுவாங்க, அப்புறம் அந்த இடம் முழுசா மூடிடும்.

இதெல்லாம் ரொம்ப மெதுவா இருக்கே, ஒவ்வொருத்தரா புடிச்சா எப்ப தேறுறதுன்னு தோணும். தோணினா தப்பில்ல, ஆனா மொத நூறு பேர் வர்ற விதமும் அதுக்கப்புறம் பத்தாயிரம் பேர் வர்ற விதமும் வேற வேற. தங்குறதுக்கு வீடு புடிச்சுக் குடுக்கிற ஏர்பிஎன்பியோட நிறுவனர்கள் 2009ல நியூயார்க்குக்கு நேரா போய் வீடு வாடகைக்கு விட்டவங்க கதவ தட்டி, ஃபோட்டோ மோசமா இருக்குன்னு தாங்களே கேமரா எடுத்து நல்ல ஃபோட்டோ புடிச்சுக் குடுத்தாங்க. ஜாப்போஸ்ங்கிற ஆன்லைன் ஷூ கடைய ஆரம்பிச்ச நிக் ஸ்வின்மர்ன் 1999ல ஷூ ஸ்டாக் எதுவும் வாங்கி வெக்கல, ஷூ கடைக்குப் போய் ஃபோட்டோ எடுத்து சைட்ல போட்டாரு, ஆர்டர் வந்தா அந்தக் கடையில முழு விலைக்கு வாங்கி அனுப்பினாரு. அதுல லாபம் ஏது, ஆனா ஜனங்க ஆன்லைன்ல ஷூ வாங்குவாங்களாங்கிற கேள்விக்கு பதில் கிடைச்சுது. ஆரம்பத்துல வர்ற ஆர்டர்ல நமக்கு கிடைக்கிறது பாதி காசு, பாதி தகவல்.

ஆளுங்க வர ஆரம்பிச்சதும் நம்ம கடையவே ஒரு தடவ அந்நியர் கண்ணோட பாக்கணும். கார்ட்ல பொருள போட்டுட்டு வாங்காம போறவங்க சராசரியா 70 சதவீதம்னு பேமார்ட் இன்ஸ்டிட்யூட்னு ஒரு ஆராய்ச்சி நிறுவனம் பல ஆய்வுகள சேத்து கணக்கு சொல்லுது. அதுல நிறைய பேரு சும்மா வேடிக்கை பாக்க வந்தவங்கதான், அவங்கள விட்டுடலாம், மிச்சம் இருக்கிறவங்க சொல்ற காரணத்துல முதல் இடம் கடைசி ஸ்டெப்ல திடீர்னு ஏறுற ஷிப்பிங், வரி மாதிரி கூடுதல் செலவு. அக்கவுண்ட் தொடங்கினாத்தான் வாங்க முடியும்ங்கிறதும் அந்த லிஸ்ட்ல உண்டு. ரெண்டையும் ஒரு சாயங்காலத்துல சரி பண்ணிடலாம். ரிட்டர்ன் பாலிசிய மனுஷன் பேசுற மொழியில எழுதுங்க, யாரு கடை நடத்துறாங்கன்னு ஒரு ஃபோட்டோவோட போடுங்க, கூப்பிட்டா எடுக்கிற நம்பர் ஒண்ணு குடுங்க. சப்ளையர் குடுத்த ஃபோட்டோவயும் விவரத்தயும் அப்படியே ஒட்டினா நூறு கடையில நூத்தி ஒண்ணாவது கடையாத்தான் தெரியும், இடது கையில கத்தரிக்கோல் புடிச்சு ஒரு கோட்டு மேல வெட்டுற பத்து செகண்ட் வீடியோ ஃபோன்லயே எடுத்தது அதவிட நூறு மடங்கு மேல்.

அப்புறம் ரிவ்யூ. நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டியோட ஸ்பீகல் ரிசர்ச் சென்டர் 2017ல வெளியிட்ட ஆய்வுல, ஒரு ரிவ்யூவும் இல்லாத பொருளோட ஒப்பிட்டா அஞ்சு ரிவ்யூ இருக்கிற பொருள வாங்குற வாய்ப்பு 270 சதவீதம் அதிகம்னு வந்துச்சு. அஞ்சுதான், ஐந்நூறு இல்ல! அதே ஆய்வுல இன்னொரு சுவாரஸ்யம், ஜனங்க அதிகமா வாங்குறது 4ல இருந்து 4.7 ஸ்டார் வரைக்கும் இருக்கிற பொருளத்தான், முழுசா 5 இருந்தா சந்தேகப்படுறாங்க. அதனால ஒரு ஆளு "பொருள் நல்லாருக்கு, ஆனா பாக்கெட் பிரிக்க கஷ்டமா இருந்துச்சு"ன்னு எழுதினா அத அழிக்காதீங்க, கீழ பதில் போடுங்க. போலி ரிவ்யூ பக்கம் போகவே வேணாம், அமெரிக்காவுல எஃப்டிசிங்கிற நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு 2024ல அத தடை பண்ணி அபராதம் போடுற விதியே கொண்டு வந்தாச்சு. மொத அஞ்சு ரிவ்யூவுக்கு வழி, பொருள் போய்ச் சேந்து கொஞ்ச நாள் கழிச்சு நீங்களே கூப்பிட்டு "எப்படி இருக்கு"ன்னு கேக்குறது, நல்லாருக்குன்னு சொன்னா "இப்ப சொன்னத அப்படியே ரெண்டு வரி எழுதிடுங்களேன்"னு லிங்க் அனுப்புறது. பெரிய கடைக்காரங்களால இத செய்ய முடியாது, நம்மால முடியும்.

இன்ஃப்ளூயன்ஸர் விஷயத்துல பெரிய ஆளுங்க பின்னாடி ஓட வேணாம், அவங்க காசு கேப்பாங்க, நியாயம்தான். உடற்பயிற்சி டிரஸ் விக்கிற ஜிம்ஷார்க் 2012ல ஆரம்பிச்சப்போ தன்னோட டிரஸ்ஸ யூடியூப்ல உடற்பயிற்சி வீடியோ போட்டுக்கிட்டு இருந்தவங்களுக்கு அனுப்பித்தான் வளந்துச்சு, அப்ப அவங்க யாரும் பெரிய ஸ்டார் இல்ல. நமக்கு, குழந்தைங்களுக்கு கைவேலை சொல்லித்தர்ற, தானே இடது கைக்காரரா இருக்கிற ஒரு சின்ன சேனல் போதும். பொருள அனுப்பும்போது "வீடியோ போடணும்னு கட்டாயம் இல்ல, பிடிக்கலன்னா ஏன்னு மட்டும் சொல்லுங்க"ன்னு எழுதுங்க. பிடிச்சுப் போட்டாங்கன்னா இலவசமா வந்த பொருள்னு வீடியோவுல சொல்லச் சொல்லிடுங்க.

ட்ராப்பாக்ஸ் தப்பிச்சது ரெஃபரல்ல. நண்பர கூட்டிட்டு வந்தா கூட்டிட்டு வந்தவருக்கும் கூடுதல் ஸ்டோரேஜ், வந்தவருக்கும் கூடுதல் ஸ்டோரேஜ். 2008 செப்டம்பர்ல 1 லட்சம் பேரா இருந்தது 2010 ஜனவரியில 40 லட்சம் ஆச்சு. இத பாத்துட்டு எல்லாரும் கூப்பன் போடுறாங்க, பாதி பேருக்கு வேலை செய்யிறதில்ல. அங்க குடுத்த பரிசு அந்தப் பொருளே, ஆப்ப உபயோகிக்கிறவனுக்கு இன்னும் கொஞ்சம் ஸ்டோரேஜ் நிஜமாவே வேணும், கம்பெனிக்கும் செலவு கம்மி. கத்தரிக்கோல் வாங்கினவங்களுக்கு அடுத்த கத்தரிக்கோல்ல பத்து சதவீதம் தள்ளுபடி எதுக்கு, ஒரு கத்தரிக்கோல் பல வருஷம் வரும். பார்சல்ல ஒரு இடது கை பேனாவ வெச்சு "உங்களுக்கு தெரிஞ்ச இன்னொரு இடது கைக்காரருக்கு குடுங்க"ன்னு ஒரு சீட்டு போட்டா அது போய்ச் சேர வேண்டிய ஆள்கிட்டயே போய்ச் சேரும். இடது கைக்காரங்களுக்கு ஆகஸ்ட் 13ன்னு ஒரு தினமே இருக்கு, அந்த வாரத்துல இத செஞ்சா இன்னும் எடுபடும். திறப்பு விழா தள்ளுபடிய பத்தியும் எனக்கு இதே எண்ணம்தான், அது தள்ளுபடி தேடி அலையிறவங்கள கூட்டிட்டு வரும், அவங்க அடுத்த தள்ளுபடிக்கு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க.

சோஷியல் மீடியாவுல ஃபாலோயர்ஸ் சேக்குறது நல்லதுதான் ஆனா அது நம்ம இடம் இல்ல, வாடகை வீடு. ஒரு பேஜ் போடுற போஸ்ட் சராசரியா 16 சதவீத ஃபாலோயர்ஸுக்குத்தான் போகுதுன்னு 2012ல ஃபேஸ்புக்கே சொல்லுச்சு, அதுக்கப்புறம் அது இறங்கத்தான் செஞ்சுது. அதனால மொத நாள்ல இருந்தே ஈமெயிலோ ஃபோன் நம்பரோ அனுமதி கேட்டு வாங்கி ஒரு லிஸ்ட் சேருங்க. லிஸ்ட விலைக்கு மட்டும் வாங்காதீங்க, ஸ்பேம்னு அமுக்குறவங்க 0.3 சதவீதத்த தொடக்கூடாதுன்னு ஜிமெயில் 2024 பிப்ரவரியில இருந்து விதி வெச்சிருக்கு, ஆயிரம் பேர்ல மூணு பேர் கடுப்பானா போதும்.

கூகுள் தேடல கடைசியா சொல்றேன், ஏன்னா பலன் கடைசியாத்தான் வரும். எஸ்இஓ, அதாவது தேடல்ல நம்ம பேஜ் மேல வர்றதுக்கான வேலை, செஞ்சு பலன் தெரிய நாலு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும்னு கூகுள்காரங்களே சொல்லியிருக்காங்க. ஆனா விதைக்கிறது மொத வாரமே செய்யணும், கூகுளோட சர்ச் கன்சோல்ல சைட்ட சேத்து சைட்மேப் (நம்ம பேஜ்களோட பட்டியல்) குடுக்கிறது, கூகுளோட மெர்ச்சன்ட் சென்டர்ல பொருள ஏத்துறது, கூகுள் ஷாப்பிங் பகுதியில 2020ல இருந்து இலவச லிஸ்டிங் இருக்குங்கிறதே நிறைய பேருக்கு தெரியாது. "கத்தரிக்கோல்"ங்கிற வார்த்தைக்கு பெரிய தளங்களோட மோதி ஜெயிக்க முடியாது. "இடது கை குழந்தைக்கு பேப்பர் வெட்டும்போது மடங்குது"ன்னு தேடுறவங்களுக்கு ஒரு நல்ல பேஜ் எழுதினா மோத ஆளே இருக்க மாட்டாங்க, அதுக்கான வார்த்தைங்க அந்த பத்து மெசேஜுக்கு வந்த பதில்லயும் குரூப்ல அந்த அம்மா கேட்ட கேள்வியிலயும் ஏற்கனவே கைல இருக்கு.

எது வேலை செய்யுதுன்னு பாக்குறதுல ஒரு குழி இருக்கு. வாட்ஸ்அப்ல யாரோ யாருக்கோ அனுப்பின லிங்க்ல வந்தவங்க பெரும்பாலும் அனலிடிக்ஸ்ல டைரக்ட்னுதான் (நேரா முகவரி அடிச்சு வந்த மாதிரி) விழுவாங்க, அப்ப வாய் வழியா பரவுறது எதுவும் கணக்குலயே தெரியாது. நீங்களே பகிர்ற லிங்க்ல யுடிஎம் (எங்க இருந்து வந்தாங்கன்னு காட்டுற குறிப்பு) சேத்துடலாம், மத்தவங்க பகிர்றதுக்கு அது உதவாது. ஆர்டர் முடிஞ்ச பேஜ்ல "எங்களப் பத்தி எப்படி தெரிஞ்சுது"ன்னு ஒரு பெட்டி வைங்க, பட்டியல்ல இருந்து தேர்ந்தெடுக்கிற டிராப்டவுன் வேணாம், டிராப்டவுன் வெச்சா முதல்ல இருக்கிறத அமுக்கிட்டுப் போயிடுவாங்க, எழுதுற பெட்டியா வைங்க. "பொண்ணோட டான்ஸ் கிளாஸ்ல ஒரு அம்மா சொன்னாங்க"ன்னு ஒருத்தர் எழுதுவாங்க, அப்புறம் இன்னொருத்தர் கிட்டத்தட்ட அதையே எழுதுவாங்க. ஒரே மாதிரி பதில் திரும்பத் திரும்ப வர ஆரம்பிச்சா நேரத்த அங்க போட்டுட்டு மத்ததுல பாதிய விட்டுடலாம், அதுக்கப்புறமும் ஆட் போட்டுப் பாக்கணும்னு ஆசை இருந்தா போடுங்க, அதுல என்ன எழுதணும்னு அந்தப் பெட்டியிலயே கஸ்டமர் எழுதிக் குடுத்திருப்பாங்க.